நெல் கொழித்த ஊர்

சார்ல்ஸ்டனில் சாப்பிட்ட சோறு நன்றாக இருந்தது. ஊர் திரும்பி மாதக்கணக்கில் ஆன பிறகும் மனதை உறுத்திக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அந்த ஊர் மனிதர்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. படித்தது இருக்கிறது, கண்ணால் பார்த்தது இருக்கிறது, கோபமும் இருக்கிறது. சோறு நன்றாக இருந்தது என்பதைத்தான் இவற்றுக்கு நடுவே எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தக்காளியில் வெந்து செம்மண் நிறமேறிய அரிசி, அடிப்பிடிக்கப் போகும் நேரத்தில் இறக்கிய வாசம், புகையில் வாட்டிய பன்றி இறைச்சியின் உப்பு, குழையாமல் பருக்கை பருக்கையாக நின்ற பதம். ஒரு கவளம் உள்ளே போனதும் பசி அடங்குவதைத் தாண்டி ஒரு நிறைவு வந்தது. இந்தச் சோறு யாருடையது, எந்த வழியாக இந்தத் தட்டுக்கு வந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அடுத்த கவளத்துக்குக் கை தாமதிக்கவில்லை. அறிவு ஒன்றைச் சொல்ல, உடம்பு அதைக் கேட்டுக்கொண்டே தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி ஜனவரியில் வரும் நீண்ட வார இறுதி அது. அட்லாண்டாவில் இருக்கும் நண்பன் குடும்பத்தோடு காரில் போயிருந்தேன். தென் கரோலினாக் கடற்கரையில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீண்ட நிலநாக்கின் மேல் இருக்கிறது ஊர். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் சாப்பிடவும் பழைய வீடுகளைப் பார்க்கவும்தான் போகிறார்கள். ஜனவரி சிப்பிக் காலம். கேமிலியா பூக்கள் சிவப்பும் வெளிர்சிவப்புமாகத் தோட்டச் சுவர்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும். கடல்நீர் வற்றத்தின்போது சதுப்பிலிருந்து கந்தகம் கலந்த சேற்று வாடை எழும்பி வீதிகளுக்குள் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாடை மேல் தனிப் பிரியம். காவிரிக் கழிமுகச் சேற்றை மிதித்தவர்களுக்கும் அது அந்நியமாகத் தோன்றாது.

நெல்லோடு வளர்ந்தவன் அந்தக் கடற்கரையை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது. ஆஷ்லி ஆற்றோரம் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய பண்ணையில் நின்று பார்த்தால், கோரை மண்டிக் கிடக்கும் நீர்ப்பரப்புக்குள் நேர்கோடாக ஓடும் கரைகள் கண்ணில் படும். ஆறு ஒருநாளும் நேர்கோடு போடாது. அவை வயற்கரைகள். கடல் ஏறும்போது ஆற்றை உள்நோக்கித் தள்ளுகிறது. கனத்த உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலாகவும் வரும். உப்பு எட்டாத, ஆனால் ஏற்றத்தின் தள்ளல் எட்டுகிற இடத்தில் வயலை அமைத்துவிட்டால், ஏற்றத்தில் மதகைத் திறந்து நன்னீரை ஏற்றிக்கொள்ளலாம், வற்றத்தில் வடித்துவிடலாம். முதலில் குடைந்த சைப்ரஸ் மரத்துண்டுதான் மதகு. பிறகு இரு முனையிலும் கதவு வைத்த நீளமான மரப்பெட்டி. தண்ணீரே தள்ளித் திறந்து, தண்ணீரே தள்ளி மூடும். அந்தக் கதவின் ஒரு விரற்கடை உயர வித்தியாசத்தில் ஒரு போக விளைச்சல் போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த முறை பரவியது. சதுப்புக் காட்டின் மரங்களைக் கோடரியால் சாய்த்து, வேரைக் கிளறி, கையால் மண்ணள்ளிக் கரை போட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். முழங்கால் சேறு, பாம்பு, முதலை, மலேரியா. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் கொத்த வேண்டும் என்பது அளவு. அறுப்பு முடிந்த பிறகு உரலில் குத்துவதும் முறத்தில் புடைப்பதும் அவர்களே. உடையாமல் தவிட்டை மட்டும் கழற்றுவது கைப்பக்குவம் சார்ந்த வேலை. உடைந்த அரிசிக்கு லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நல்ல விலை கிடையாது. உடைந்த நொய் குத்தியவர்களின் பானைக்குப் போனது. இன்று அதே நொய் தனிப் பெயரோடு நல்ல விலைக்கு விற்கிறது.

இந்த அறிவு யாருடையது என்ற கேள்வியை அமெரிக்க வரலாறு வெகுகாலம் கேட்கவே இல்லை. தோட்ட முதலாளிகளின் சாமர்த்தியம் என்றே எழுதிவைத்திருந்தார்கள். ஆய்வாளர் பீட்டர் வுட் 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார், ஆய்வாளர் ஜூடித் கார்னி 2001-இல் இன்னொன்று எழுதினார். செனகல், காம்பியா, சியரா லியோன் கரைகளில் உப்புநீரை மறித்து நெல் விளைத்த மக்களின் அறிவு அட்லாண்டிக்கைக் கடந்தது என்று அவர்கள் காட்டினார்கள். எவ்வளவு கடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் தர்க்கம் நடக்கிறது. கப்பல் கணக்குகளை வைத்து மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தர்க்கத்தைவிடப் பெரிதாகப் பட்டது பதினெட்டாம் நூற்றாண்டு விற்பனை விளம்பரம் ஒன்று. சியரா லியோனின் பன்ஸ் தீவிலிருந்து கப்பல் வந்திருக்கிறது, அதில் வந்தவர்கள் அரிசிக் கரையைச் சேர்ந்தவர்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். கப்பலில் அம்மை தொற்றாமல் காத்த விவரமும் உண்டு. வாங்குகிறவர்களுக்கு அந்தக் கரையின் பெயரே தரச் சான்று. மனிதர்களை விளைந்த இடம் சொல்லி விற்றிருக்கிறார்கள். சுரண்டல் என்று நாம் பழகிச் சொல்லும்போது உடலுழைப்புதான் மனதில் வருகிறது. இங்கே அதற்கும் மேல் ஒன்று நடந்திருக்கிறது. தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவர்களை, மண்ணின் புளிப்பை மோந்தே சொல்லத் தெரிந்தவர்களை, தெரிந்தேதான் தேடி வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய பிறகு, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இருநூறு வருடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விளம்பரம் நினைவில் ஒட்டிக்கொண்டதிலிருந்து உணவக அட்டைகளை வாசிப்பதே சிரமமாகிவிட்டது. இப்போது சார்ல்ஸ்டனின் நல்ல உணவகங்கள் எதையும் மறைப்பதில்லை. அரிசி கரோலினா கோல்டு, இன்ன பண்ணையில் விளைந்தது. பயறு கடல்தீவுச் சிவப்புப் பயறு. எள்ளு பிஸ்கட் மேற்கு ஆப்பிரிக்க வழி வந்தது. வெண்டைக்காய் சூப்பும் அப்படித்தான் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். கரோலினா கோல்டு ஒரு காலத்தில் வயல்களிலிருந்து அழிந்தே போன நெல். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தச் சேற்றில் அந்தக் கூலிக்கு இறங்க ஆள் இல்லை, மேற்கு மாநிலங்களின் இயந்திர நெல் போட்டிக்கு வந்தது, 1910, 1911 புயல்கள் மிச்சக் கரைகளையும் உடைத்தன. 1980-களில் சவன்னாவைச் சேர்ந்த கண் மருத்துவர் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் அரசு விதை வங்கியிலிருந்து கொஞ்சம் விதை வாங்கித் தன் நிலத்தில் போட்டார். வாத்து வேட்டைக்காகத் தொடங்கிய விஷயம் அது. பிறகு சமையற்கலைஞர்களிடம் போய், இன்று ஊரின் பெருமையாகியிருக்கிறது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றுதான் நியாயமாகச் சொல்ல வேண்டும். மறைத்த காலத்தைவிடச் சொல்கிற காலம் மேலானது. ஆனாலும், வந்த வழியைச் சொல்லிப் பரிமாறும்போது அந்த வழியே ருசியோடு சேர்ந்துவிடுகிறது. நண்பனின் அலுவலகத் தோழர் ஒருவர் அந்த அட்டையைப் படித்துவிட்டு, இதைத் தெரிந்துகொண்டு சாப்பிடும்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். நல்ல மனிதர், மனதாரச் சொன்னார். எனக்குச் சட்டென்று நெஞ்சடைத்தது. அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. எனக்கும் இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

எலிசபெத் தெருவில் எய்க்கன்-ரெட் வீடு இருக்கிறது. வில்லியம் எய்க்கன் தென் கரோலினாவின் ஆளுநராக இருந்தவர், ஜெஹோஸி தீவில் நெற்பண்ணை வைத்து நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். இந்த வீட்டைப் புதுப்பிக்காமல், கிடைத்த நிலையிலேயே காப்பது என்று பொறுப்பாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கூடத்துச் சுவர்த்தாள் பட்டை பட்டையாகக் கிழிந்து தொங்குகிறது. பெரிய நிலைக்கண்ணாடிகளில் பாதரசம் கறுத்திருக்கிறது. பின்கட்டுக்குப் போனால் முற்றத்தின் ஒரு பக்கம் சமையற்கட்டு, எதிரே குதிரை லாயம். இரண்டுக்கும் மேல்மாடியில் அடிமைகள் படுத்த அறைகள். சமையற்கட்டு அடுப்பு ஓர் ஆள் குனிந்து உள்ளே நுழையும் அளவுக்குப் பெரியது. செங்கல்லின் கரி இன்னும் போகவில்லை. மாடி அறைச் சுவரில் பழைய வண்ணப்பூச்சு அங்கங்கே திட்டாக மிச்சமிருக்கிறது. யாரோ ஒருவர், இரவில் படுத்து விடியுமுன் எழுந்து கீழே இறங்க வேண்டிய அந்த அறைக்கு நிறம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சார்ல்ஸ்டனின் பழைய செங்கற்களில் சிலவற்றில் விரல் தடங்கள் இருக்கும். ஈரம் காயாத கல்லைத் தூக்கித் திருப்பி வைத்தவர்களின் தடம். சிலது குழந்தை விரல் அளவுக்குச் சிறியது. அந்தக் குழியில் என் விரலை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. வைத்துப் பார்க்கிறவர்களை நான் தவறு சொல்லவும் மாட்டேன். ஒரு தாய் தன் மகளின் விரலை எடுத்து அதில் பொருத்திக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் பேசாமல் நின்றாள்.

அன்று மதியம் நான் சாப்பிடாமல் தட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து நண்பனின் மனைவி, “அண்ணா, அந்த அடுப்புல சமைச்சவங்க நம்மள அழ வைக்கவா சமைச்சாங்க? நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிடுங்க, அதுதான் அவங்களுக்கு மரியாதை” என்றாள். இதற்குப் பதில் சொல்ல அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முழுதாக முடியவில்லை. அவள் சொன்னதில் கனம் இருக்கிறது. துக்கம் மட்டுமே கொண்டாடினால் அவர்களை வதைபட்ட உடல்களாக மட்டும் பார்க்கிறோம். கைப்பக்குவம், பெருமிதம், தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்ட நொடிகள் எல்லாவற்றையும் இரண்டாம் முறை பறித்தவர்களாகிறோம். நண்டுச் சினை போட்ட அந்த ஊரின் புகழ்பெற்ற சூப்புக்கு வில்லியம் டீஸ் என்ற கறுப்பினச் சமையற்காரரின் பெயரைச் சொல்வார்கள். நகர மேயர் வீட்டில் வேலை பார்த்தவர். கிரீம் சூப்பில் சினையைச் சேர்க்கலாம் என்று தோன்றிய அந்தக் கணத்தில் அவருக்குள் இருந்தது ஒரு கலைஞனின் மகிழ்ச்சி, அதை யாரும் உத்தரவு போட்டு வரவழைத்திருக்க முடியாது. அதை ருசிக்காமல் எழுந்து போவது அவருக்கு எந்த வகையில் நியாயம்? ஆனால் இதே வாதத்தை இன்னும் இரண்டு அடி நகர்த்தினால், பண்ணை வீட்டு ஓக் மரச் சாலையில் கல்யாணம் வைத்துக்கொள்கிறவர்கள் சொல்லும் வாதமாகிவிடும்: அழகு அழகுதானே, மரம் என்ன செய்தது? எந்த அடியில் நிற்பது என்று தெரியாததுதான் என் பிரச்சினை.

அழகு பொய்யாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஈஸ்ட் பே தெருவில் ரெயின்போ ரோ என்று வரிசையாக நிற்கும் பதின்மூன்று வீடுகளின் வெளிர்மஞ்சளும் வெளிர்நீலமும் 1930-களில் பூசத் தொடங்கிய நிறங்கள். அந்த வர்ணம் வேண்டுமானால் வேஷம் என்று சொல்லலாம். ஆனால் கடற்காற்றைப் பிடிக்கத் தெற்கு, மேற்குப் பக்கமாக நீளத் தாழ்வாரம் வைத்த வீடுகளின் அளவு, கொல்லர்கள் அடித்த இரும்புக் கதவுகளின் வளைவு, 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவரோடு சுவரை இழுத்துப் பூட்டிய இரும்புக் கம்பிகளின் முனைத் தகடுகள், இவற்றில் பொய் ஒன்றுமில்லை. கைகள் செய்தவை. உள்நாட்டுப் போரில் தோற்று ஏழ்மைப்பட்டுப் போனதால்தான் இடித்துக் கட்ட வழியில்லாமல் ஊர் தப்பியது என்பார்கள். 1931-இல் பழைய நகரப் பகுதியைக் காக்கச் சட்டம் போட்டது சார்ல்ஸ்டன். அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம். எதைக் காப்பது என்று தேர்ந்தவர்கள் எதை விட்டார்கள் என்பதும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1856-இல், தெருவில் வைத்து மனிதர்களை ஏலம் விடக்கூடாது என்று நகரம் ஆணை பிறப்பித்தது. விற்பனை நிற்கவில்லை, சால்மர்ஸ் தெரு போன்ற இடங்களில் மதிலுக்குள் போனது. கூழாங்கல் பதித்த அந்தக் குறுகிய தெருவில் விற்பனை நடந்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். குதிரை வண்டிகளின் மணிச்சத்தம் உள்ளே வரை கேட்கிறது. பார்வையில் படாத இடத்துக்கு ஒன்றை நகர்த்திவிட்டு வீதி சுத்தமாகிவிட்டது என்று நம்புவது அந்த ஊருக்கு மட்டுமான பழக்கம் என்று நான் நினைக்கவில்லை.

தஞ்சைப் பக்கத்தவன் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த மாதிரி, அந்தக் கோபுரத்துக்கு நெல் அளந்த வயலையும் அதில் பண்ணையாளாகக் கிடந்தவர்களையும் நான் குனிந்து பார்த்து வளரவில்லை. கூலி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். அந்தப் பக்கத்துப் பொன்னி அரிசிச் சோற்றை ஒருநாளும் தயங்கி நான் உண்டதில்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கடலுக்கு அப்பால் எழுந்த உறுத்தல் வீட்டுத் தட்டின் முன் ஏன் எழவில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கூப்பர் ஆற்றங்கரையில், கேட்ஸ்டன் துறை இருந்த இடத்தில், 2023-இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். 1808 தொடங்கியதோடு அடிமை இறக்குமதி சட்டப்படி முடிவுக்கு வரும் என்று தெரிந்த கடைசி வருடங்களில் கப்பல் கப்பலாக மனிதர்களை இறக்கிக் குவித்த துறை அது. கட்டடத்தைத் தூண்கள் மேல் உயர்த்தி, கீழே அந்த நிலத்தின் மேல் எதுவும் கட்டாமல் திறந்து விட்டிருக்கிறார்கள். ஒரு குளத்தின் தளத்தில் கப்பல் அடித்தட்டில் அடுக்கப்பட்ட மனித உருவங்கள் புடைப்பாக இருக்கின்றன. நீர் ஏறி மூடும், இறங்கிக் காட்டும். வயலுக்குப் பாய்ந்த அதே ஏற்றமும் வற்றமும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பழைய சந்தை. அங்கே கறுப்பினப் பெண்கள் உட்கார்ந்து இனிப்புப் புல் கூடை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னுவது கிடையாது, தைப்பதுதான்: புல்லைக் கற்றையாகச் சுருட்டிச் சுற்றி, பால்மெட்டோ பனையின் கீற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஊசிக்குப் பதில் கரண்டிக் காம்பைத் தட்டித் தேய்த்த ஒரு கருவி. கற்றைக்குள் அதைச் செருகி நெம்பி, உண்டான துளையில் கீற்றை விட்டு இழுக்கும்போது ஒரு சின்ன உராய்வுச் சத்தம். நெல் புடைத்த முறத்தின் வழியில் வந்த கலை இது. ஓர் அம்மாவிடம் புல் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். முன்பு பக்கத்திலேயே அறுத்தோம், இப்போது கடற்கரை எல்லாம் வேலி போட்ட குடியிருப்புகள், ஜார்ஜியா, புளோரிடா வரை போக வேண்டியிருக்கிறது என்று கையை நிறுத்தாமலே சொன்னார். உள்ளங்கை அளவுக் கூடைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்தார்கள். அதே ஆட்கள் இரவு உணவுக்கு அதைவிட அதிகம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இந்தச் சின்ன எண்ணம் என் உறுத்தலைக் கொஞ்சம் திசைதிருப்பியது. இவ்வளவு நேரம் ருசிக்கலாமா கூடாதா என்று என் மனச்சாட்சியையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியில் அவர்கள் இல்லை, நான்தான் இருக்கிறேன். அவர்கள் இருக்கிற கதைக்கு வந்தால், 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, அடிமையாக இருந்து சமையற்கலைஞரான நாட் ஃபுல்லர் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே மேசையில் சமமாக உட்காரவைத்து விருந்து வைத்தார். அவர் வெறுமனே பெருந்தன்மை காட்டியவர் மட்டுமில்லை. சொந்தமாக உணவகம் நடத்தியவர். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 2015 ஏப்ரலில், அந்த விருந்தை ஊரார் மறுபடி நடத்திப் பார்த்தார்கள். இரண்டு மாதம் போகவில்லை. ஜூன் 17 இரவு, கல்ஹூன் தெருவில் உள்ள இமானுவேல் தேவாலயத்தில் வேத வாசிப்புக்கு வந்த அந்நிய இளைஞனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்த ஒன்பது பேரை அவன் சுட்டுக்கொன்றான். அடிமை முறையை நன்மை என்று வாதிட்டவர் பெயர் அந்தத் தெருவுக்கு; அவருடைய சிலையை 2020-இல் இறக்கினார்கள். ஒரே மேசை போதும் என்று இதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேசை யாருடையது, அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதலில் வர வேண்டும் போலிருக்கிறது. 1980-இல் சார்ல்ஸ்டன் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர். இன்று நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வாடகை ஏறியது, வரி ஏறியது, வீடுகள் கைமாறின. மார்த்தா லூ கேட்ஸ்டன் என்ற மூதாட்டி 1983 முதல் இளஞ்சிவப்பு வண்ணக் குட்டிக் கட்டடத்தில் நடத்திய சாப்பாட்டுக் கடை, நாடெங்கும் பேர் வாங்கிய கடை, 2020-இல் மூடப்பட்டது. அந்த மனை விற்கப்பட்டுவிட்டது. அடிமைக் கப்பல்கள் வந்த துறைக்கும் அவருக்கும் ஒரே குடும்பப்பெயர்.

வடக்கு சார்ல்ஸ்டனில் பெர்த்தாஸ் கிச்சன் இருக்கிறது. ஒரு குடும்பத்துப் பெண்கள் நடத்துவது. 2017-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அவர்களுக்கு விருது கொடுத்தது. கிளம்பிய நாளில் கடைசியாக அங்கேதான் சாப்பிட்டோம். வரிசையில் நின்று தட்டு வாங்க வேண்டும், பாதிப் பேர் வேலையிடையே வந்தவர்கள், எந்தக் கதையும் எங்கும் எழுதியிருக்கவில்லை. வெண்டைக்காய் சூப், மொச்சை போன்ற லைமா பயறு, சிவப்புச் சோறு. சோறு நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். நண்பன் மறு ஆண்டும் போகலாம் என்கிறான். போனால் எல்லா வேளையும் இப்படிப்பட்ட கடைகளில்தான் சாப்பிடுவது, கூடைக்குச் சொன்ன விலையைக் கொடுப்பது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் மனைவி, அதற்குள் அந்தக் கடைகள் இருக்க வேண்டுமே அண்ணா என்றாள்.